குடல்வால் அகற்றும் அறுவை சிகிச்சை: நுண்துளை முறையா, திறந்த முறையா?

மூத்தோருக்கும் அவர்களது குடும்பத்தினருக்குமான விளக்கக் கையேடு

குடல்வாலை அகற்ற வேண்டும் என்று மருத்துவர் கூறியதும் பலர் முதலில் கேட்பது, "சிறிய துளை போட்டுச் செய்வீர்களா, வயிற்றைத் திறந்து செய்வீர்களா?" என்பதுதான். திறந்த அறுவை சிகிச்சை என்றால் நோய் முற்றிவிட்டது என்று சிலர் அஞ்சுகிறார்கள். துளை வழியாகச் செய்தால் முழுமையாக அகற்ற முடியாது என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். "நுண்துளை என்றால் சரி, இல்லையென்றால் வேண்டாம்" என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடத் தயங்குவோரும் உண்டு.

இந்த இரு முறைகளும் எப்படிச் செய்யப்படுகின்றன, ஒவ்வொன்றின் நன்மை தீமைகள் என்ன, மருத்துவர் எதை வைத்து முடிவெடுக்கிறார் என்பதை இக்கையேடு விளக்குகிறது. உங்கள் உடல்நிலைக்கு எது பொருத்தம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கலந்துபேசி முடிவு செய்யுங்கள்.

குடல்வால் என்றால் என்ன?

சிறுகுடல் பெருங்குடலுடன் சேரும் இடத்துக்கு அருகில், வயிற்றின் வலது கீழ்ப்பகுதியில், விரல் போன்ற ஒரு சிறு குழாய் தொங்குகிறது. அதுவே குடல்வால். பெரும்பாலோருக்கு அதன் நீளம் 6 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஒரு முனை மூடியிருப்பதால், மறுமுனை அடைபட்டுவிட்டால் உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியில்லை. இறுகிய மலத்துண்டு அடைத்துக்கொள்ளலாம். உட்புறத் திசு வீங்கி அடைக்கலாம். அரிதாகக் கட்டி ஒன்றும் காரணமாகலாம். அடைபட்ட குழாய்க்குள் கிருமிகள் பெருகி, வீக்கமும் சீழும் உண்டாகின்றன. இதுவே குடல்வால் அழற்சி.

சிகிச்சை தாமதமானால் குழாயின் சுவருக்கு இரத்த ஓட்டம் குறைந்து, அது கிழிந்துவிடலாம். அப்போது சீழும் மலக் கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவும். இது உயிருக்கு ஆபத்தான நிலை.

குடல்வாலை அகற்றிய பிறகு செரிமானத்தில் குறை ஏதும் ஏற்படாது. அது இல்லாமலேயே இயல்பாக வாழலாம்.

மூத்தோர் ஏன் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

குடல்வால் அழற்சி இளையர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆனால் 60, 70, 80 வயதிலும் வரலாம். இளையர்களுக்கு வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது கீழ்வயிற்றுக்கு நகரும். பசி இருக்காது, குமட்டல், வாந்தி, காய்ச்சல் வரும்.

மூத்தோரிடம் இந்த வரிசை பல நேரங்களில் காணப்படுவதில்லை. வலி மந்தமாக இருக்கலாம். காய்ச்சல் இல்லாமலே போகலாம். வயிறு உப்பியிருப்பது, மலச்சிக்கல், சாப்பிடப் பிடிக்காமை, வழக்கத்துக்கு மாறான சோர்வு, திடீர்க் குழப்பம் என்று வேறு வடிவங்களில் வெளிப்படலாம். வலி மாத்திரைகளோ ஸ்டீராய்டு மருந்துகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு அறிகுறிகள் மேலும் மறைந்துவிடும்.

இதனால் "வாயுதான், சரியாகிவிடும்" என்று வீட்டில் காத்திருப்பவர்கள் ஏராளம். மூத்தோர் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் குடல்வால் கிழிந்திருக்கும் வாய்ப்பு, இளையர்களைவிட அதிகம். எந்த முறையில் அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்பதையும் இந்தத் தாமதமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சீக்கிரம் வருபவருக்கு நுண்துளை முறை எளிதாகப் பொருந்தும். சீழ் பரவிய பிறகு வருபவருக்குத் தெரிவுகள் குறையும்.

வயிற்றுவலி வந்தால் செய்யக்கூடாதவை:

• "குடலேற்றம்" என்று எண்ணி எண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவ வேண்டாம்.
• பேதி மருந்து எடுக்க வேண்டாம்.
• ஓம வாட்டர், தைலம், வலி மாத்திரை ஆகியவற்றைக் கொண்டே ஓரிரு நாள் சமாளிக்க முயல வேண்டாம்.

வயிற்றுவலி சில மணி நேரத்துக்கு மேல் விடாமல் நீடித்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ, அதே நாளில் மருத்துவரைப் பாருங்கள். கடுமையான வலி, தொடர் வாந்தி, வயிறு கல் போல இறுகுதல், மயக்கம் ஆகியவை இருந்தால் 995 என்ற எண்ணை அழையுங்கள்.

நோய் எப்படி உறுதி செய்யப்படுகிறது?

மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பரிசோதிப்பார். இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படும். மூத்தோருக்குப் பெரும்பாலும் சிடி ஸ்கேனும் எடுக்கப்படும். அதற்குக் காரணம் உண்டு. வலது கீழ்வயிற்றில் வலி தரும் நோய்கள் பல. பெருங்குடலின் சுவரில் சிறு பைகள் உருவாகி அழற்சி அடைவது அவற்றில் ஒன்று. ஆசிய மக்களிடம் இது வலது பக்கத்தில் வருவது அதிகம் என்பதால், குடல்வால் அழற்சி போலவே தோன்றும். சிறுநீரகக் கல், பெருங்குடல் கட்டி ஆகியவையும் இதே இடத்தில் வலி தரலாம். குடல்வால் கிழிந்திருக்கிறதா, அதைச் சுற்றிச் சீழ்க்கட்டி இருக்கிறதா என்பதையும் ஸ்கேன் காட்டும்.

திறந்த அறுவை சிகிச்சை எப்படிச் செய்யப்படுகிறது?

வயிற்றின் வலது கீழ்ப்பகுதியில் சுமார் 5 முதல் 8 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டு போடப்படும். நியூயார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1894ஆம் ஆண்டில் இந்த வெட்டு முறையை விவரித்தார். தசைகளைக் குறுக்கே அறுக்காமல், அவற்றின் நார்கள் ஓடும் திசையிலேயே விலக்கி உள்ளே செல்வது அதன் சிறப்பு. மருத்துவர் குடல்வாலை நேரில் பார்த்து, அதன் இரத்தக் குழாயையும் அடிப்பகுதியையும் கட்டி, வெட்டி எடுப்பார். பிறகு தசையும் தோலும் அடுக்கடுக்காகத் தைக்கப்படும்.

சீழ் வயிறு முழுவதும் பரவியிருந்தால், வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இன்னும் நீளமான வெட்டு தேவைப்படலாம். கிருமித் தொற்று அதிகமிருந்தால் தோலை உடனே முழுமையாகத் தைக்காமல், சில நாள் கட்டு மாற்றிய பிறகு மூடுவதும் உண்டு.

நுண்துளை அறுவை சிகிச்சை எப்படிச் செய்யப்படுகிறது?

இதைக் கீஹோல் அல்லது லேப்பரஸ்கோப்பி அறுவை சிகிச்சை என்றும் சொல்வார்கள். ஜெர்மானிய மருத்துவர் குர்ட் செம் 1980ஆம் ஆண்டில் முதன்முதலாக இம்முறையில் குடல்வாலை அகற்றினார். இன்று இது பரவலாகச் செய்யப்படுகிறது.

பொதுவாக மூன்று சிறு வெட்டுகள் போடப்படும். ஒன்று தொப்புள் அருகில், மற்ற இரண்டு அடிவயிற்றில். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை இருக்கும். வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்தப்படும். கூடாரத் துணியைத் தூக்கிப் பிடிப்பதுபோல் வாயு வயிற்றுச் சுவரை உயர்த்துவதால், உள்ளே பார்க்கவும் கருவிகளை அசைக்கவும் இடம் கிடைக்கிறது. தொப்புள் துளை வழியாக ஒரு கேமரா செல்லும். அது காட்டும் படத்தைத் திரையில் பார்த்தபடி, மற்ற துளைகள் வழியாக நீண்ட, மெல்லிய கருவிகளைக் கொண்டு மருத்துவர் குடல்வாலைக் கட்டி வெட்டுவார். அதை ஒரு சிறு பைக்குள் இட்டு, துளை வழியாக வெளியே எடுப்பார். இறுதியில் வாயு வெளியேற்றப்படும்.

இரு முறைகளிலும் அகற்றப்படுவது ஒன்றுதான்: முழுக் குடல்வால். துளை சிறியது என்பதால் எதுவும் உள்ளே விடப்படுவதில்லை.

இரு முறைகளின் ஒப்பீடு

வலி: நுண்துளை முறையில் வெட்டு சிறியது என்பதால் முதல் சில நாள்களில் வலி குறைவு. ஆனால் வயிற்றில் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால், ஓரிரு நாள்களுக்குத் தோள்பட்டையில் வலி வரலாம். இது இதய வலியோ தசைப்பிடிப்போ என்று பலர் பயப்படுவதுண்டு. எழுந்து நடந்தால் பொதுவாக இது குறைந்துவிடும். மார்பில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

காயத்தில் கிருமித் தொற்று: நுண்துளை முறையில் இது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் காயம் ஆறத் தாமதமாகும் என்பதால், அவர்களுக்கு இது முக்கியமான நன்மை.

வயிற்றுக்குள் சீழ்க்கட்டி: இதில் திறந்த முறைக்குச் சற்றுச் சாதகம் இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குடல்வால் ஏற்கெனவே கிழிந்திருந்தவர்களுக்கே எந்த முறையிலும் இந்த ஆபத்து அதிகம். அறுவை சிகிச்சை முடிந்து சில நாள்கள் கழித்துக் காய்ச்சல் திரும்பினால் மருத்துவர் இதைத்தான் முதலில் சந்தேகிப்பார்.

அறுவை சிகிச்சைக்கு ஆகும் நேரம்: இரண்டும் சுமார் ஒரு மணி நேரம். நுண்துளை முறை சில நிமிடங்கள் கூடுதலாக எடுக்கலாம். குடல்வால் கிழிந்திருந்தால் எந்த முறையானாலும் நேரம் கூடும்.

மயக்க மருந்து: நுண்துளை முறைக்கு முழு மயக்கம் தேவை. திறந்த முறைக்கும் பெரும்பாலும் முழு மயக்கமே தரப்படும். சிலருக்கு மட்டும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து அறுவை சிகிச்சை செய்யலாம்.

இதயமும் நுரையீரலும்: வயிற்றில் வாயு நிரப்பும்போது உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது. கடுமையான இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கு இது சுமையாகலாம். மறுபுறம், வலி குறைவாக இருந்தால் ஆழமாக மூச்சுவிடவும் சளியை இருமி வெளியேற்றவும் எளிது. நிமோனியா வரும் ஆபத்து குறையும். எனவே மூத்தோரைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். வயது அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக நுண்துளை முறை மறுக்கப்படுவதில்லை.

உள்ளே பார்க்கும் வசதி: கேமரா மூலம் வயிற்றின் மற்ற பகுதிகளையும் பார்க்கலாம். வலிக்கு வேறு காரணம் இருந்தால் கண்டுபிடிக்க இது உதவும்.

மருத்துவமனையில் தங்கும் நாள்: குடல்வால் கிழியாத நிலையில், நுண்துளை முறையில் பலர் ஓரிரு நாள்களில் வீடு திரும்புகிறார்கள். திறந்த முறையில் பொதுவாக இன்னும் ஓரிரு நாள் கூடும். கிழிந்திருந்தால், எந்த முறையானாலும் நரம்பு வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றுவதற்காக ஒரு வாரம் வரையோ அதற்கு மேலோ தங்க நேரிடலாம்.

வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்புதல்: நுண்துளை முறையில் சில நாள்கள் முன்னதாகவே திரும்பலாம்.

பிற்காலத்தில்: வெட்டு போட்ட இடத்தில் தசை பலவீனமாகிக் குடல் பிதுங்குவது, குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது ஆகியவை திறந்த முறையில் சற்று அதிகம். தழும்பும் பெரிதாக இருக்கும்.

மருத்துவர் எப்போது திறந்த முறையைத் தேர்ந்தெடுப்பார்?

• குடல்வால் கிழிந்து, சீழ் வயிறு முழுவதும் பரவியிருக்கும்போது
• முன்பு பலமுறை வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து, குடல்கள் ஒட்டியிருக்கும்போது
• வயிற்றில் வாயு நிரப்புவதை இதயமோ நுரையீரலோ தாங்காது என்று மயக்க மருந்து நிபுணர் கருதும்போது
• குடல் மிகவும் வீங்கி, கேமராவுக்கு இடமே இல்லாதபோது
• நோயாளியின் இரத்த அழுத்தம் நிலையாக இல்லாதபோது
• கட்டி இருக்கலாம் என்ற சந்தேகத்தால் குடலின் ஒரு பகுதியையும் சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும்போது

இவற்றில் ஒன்று இருந்தாலே திறந்த முறைதான் என்பதில்லை. கிழிந்த குடல்வாலையும் நுண்துளை முறையில் அகற்றுவது உண்டு. நோயின் நிலை, உங்கள் உடல்நிலை, மருத்துவக் குழுவின் அனுபவம் ஆகிய மூன்றையும் சேர்த்தே முடிவெடுக்கப்படுகிறது.

நடுவில் முறையை மாற்றினால் தவறு நடந்ததாக அர்த்தமா?

இல்லை. நுண்துளை முறையில் தொடங்கிய பிறகு குடல்வால் சுற்றியுள்ள உறுப்புகளோடு ஒட்டியிருப்பது தெரியலாம். இரத்தக் கசிவு ஏற்படலாம். எது எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியாமல் போகலாம். அந்நேரத்தில் துளை வழியாகவே தொடர்ந்து முயல்வதைவிட, வயிற்றைத் திறந்து நேரில் பார்த்துச் செய்வதே பாதுகாப்பானது. ஆகவேதான் நுண்துளை முறைக்கான ஒப்புதல் படிவத்திலேயே, "தேவைப்பட்டால் திறந்த முறைக்கு மாற்றப்படும்" என்பதற்கும் உங்களிடம் ஒப்புதல் பெறப்படுகிறது. கண் விழிக்கும்போது எதிர்பார்த்ததைவிடப் பெரிய கட்டு இருந்தால் திகைக்க வேண்டாம். ஏன் மாற்றப்பட்டது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் விளக்குவார்.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

கீழ்க்காணும் இரண்டும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட சூழ்நிலைகள்.

முதல் சூழ்நிலை: 68 வயது ஆடவர். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் உள்ளன. காலையில் தொடங்கிய வயிற்றுவலி மாலைவரை குறையாததால் மருத்துவமனைக்கு வருகிறார். குடல்வால் வீங்கியிருக்கிறது, ஆனால் கிழியவில்லை என்று ஸ்கேன் காட்டுகிறது. இவருக்கு நுண்துளை முறை நன்கு பொருந்தும். நீரிழிவு இருப்பதால் சிறிய காயம் இவருக்குக் கூடுதல் நன்மை.

இரண்டாம் சூழ்நிலை: 76 வயது மாது. நான்கு நாள்களாக வயிறு உப்பலும் மலச்சிக்கலும். பேதி மருந்து குடித்துப் பார்த்தார். இப்போது எழுந்து நிற்க முடியவில்லை, பேச்சில் குழப்பம். சீழ் பரவியிருப்பதை ஸ்கேன் காட்டுகிறது. இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் கருப்பையையும் பித்தப்பையையும் அகற்றிய தழும்புகள் உள்ளன. இவருக்குத் திறந்த முறையே பாதுகாப்பானது என்று மருத்துவர் கருதலாம். குடும்பத்தார் "நுண்துளைதான் வேண்டும்" என்று வாதாடி நேரம் கடத்தினால் ஆபத்து கூடும்.

இருவருக்கும் வந்த நோய் ஒன்றே. முறையை மாற்றியது வயது மட்டுமன்று. கடந்துபோன நாள்களும் உடலின் முந்தைய வரலாறும்தான்.

அறுவை சிகிச்சை இல்லாமல் மருந்திலேயே குணப்படுத்த முடியாதா?

கிழியாத குடல்வால் அழற்சியைச் சிலருக்குக் கிருமிக்கொல்லி மருந்தால் தணிக்க முடியும். ஆனால் நோய் திரும்ப வரலாம். ஃபின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 10 பேரில் கிட்டத்தட்ட 4 பேருக்கு 5 ஆண்டுகளுக்குள் நோய் மீண்டும் வந்தது. அந்த ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்டோர் சேர்க்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குடல்வாலுக்குள் இறுகிய மலத்துண்டு இருந்தால் மருந்து தோல்வியடையும் வாய்ப்பு அதிகம்.

சீழ்க்கட்டி தனியாகத் திரண்டிருந்தால், ஸ்கேன் உதவியுடன் தோல் வழியாக ஒரு குழாய் செருகிச் சீழை வடித்து, முதலில் மருந்து கொடுப்பதும் உண்டு. அறுவை சிகிச்சை தேவையா என்பது பிறகு முடிவு செய்யப்படும். மூத்தோருக்குப் பெருங்குடலில் கட்டி இல்லை என்பதை உறுதிப்படுத்த, சில வாரங்கள் கழித்துக் குடல்நோக்கிப் பரிசோதனை பரிந்துரைக்கப்படலாம். வலி போய்விட்டது என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்

• மருத்துவமனைக்குப் புறப்படும்போது நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சித்த, ஆயுர்வேத, சீன மருந்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
• ஆஸ்பிரின், குளோப்பிடோகிரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நீங்களாகவே நிறுத்தவோ தொடரவோ வேண்டாம்.
• நீரிழிவு மாத்திரைகளின் பெயர்களைத் தவறாமல் தெரிவியுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சில மாத்திரைகளுக்கு, பட்டினி இருக்கும்போது தனிக் கவனம் தேவை.
• மருத்துவர் அனுமதிக்கும்வரை எதையும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் மயக்கமோ வியர்வையோ ஏற்பட்டால் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.
• ஒவ்வாமை, முந்தைய அறுவை சிகிச்சைகள், முன்பு மயக்க மருந்தால் ஏற்பட்ட சிரமங்கள் ஆகியவற்றைச் சொல்லுங்கள்.
• பல்செட், வளையல், மூக்குத்தி, மெட்டி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். உலோக நகைகளால் தோலில் தீக்காயம் ஏற்படக்கூடும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாவிட்டால் முன்கூட்டியே தாதியிடம் பேசுங்கள்.
• மூக்குக்கண்ணாடியையும் காதொலிக் கருவியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். கண் விழித்ததும் அவை உங்களுக்குத் தேவைப்படும்.

மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வது முழுமையாகப் புரியாவிட்டால் தலையாட்டிவிட வேண்டாம். தமிழில் விளக்கம் தேவை என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகள் உதவலாம், ஆயினும் ஒப்புதல் தரும் நேரத்தில் தமிழ் தெரிந்த மருத்துவ ஊழியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் விளக்குவது நல்லது.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. என் குடல்வால் கிழிந்திருக்கிறதா? சீழ்க்கட்டி இருக்கிறதா?
2. எந்த முறையைப் பரிந்துரைக்கிறீர்கள்? என் விஷயத்தில் அதற்குக் காரணம் என்ன?
3. திறந்த முறைக்கு மாறக்கூடிய வாய்ப்பு எவ்வளவு?
4. என் இதய நோய், நீரிழிவு போன்றவற்றால் என்ன கூடுதல் ஆபத்து?
5. எப்போது அறுவை சிகிச்சை நடக்கும்? காத்திருந்தால் என்ன ஆகும்?
6. வீடு திரும்பிய பின் எனக்கு எவ்வளவு காலம் உதவி தேவைப்படும்?

அறுவை சிகிச்சைக்குப் பின், வார்டில்

வலியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பது நல்லதன்று. வலி மருந்து கேட்டு வாங்குங்கள். வலி அடங்கினால்தான் ஆழமாக மூச்சுவிடவும் நடக்கவும் முடியும். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையைக் காயத்தின்மீது மெதுவாக அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தாதியின் உதவியுடன் கூடிய விரைவில் எழுந்து உட்காருங்கள், நடங்கள். கால் நரம்புகளில் இரத்தம் உறையாமலிருக்க இது உதவும்.

மூத்தோர் சிலருக்கு மயக்கம் தெளிந்தபின் ஓரிரு நாள் குழப்பம் ஏற்படலாம். இடம், நேரம் தெரியாமல் பேசலாம். இரவில் தூங்காமல் இருக்கலாம். பெரும்பாலும் இது தானாகத் தெளியும். குடும்பத்தார் அருகில் இருந்து, பழகிய மொழியில் அமைதியாகப் பேசுவதும், கண்ணாடியையும் காதொலிக் கருவியையும் அணிவிப்பதும் பெரிதும் உதவும். இந்த மாற்றத்தைத் தாதியிடம் தெரிவியுங்கள்.

வீடு திரும்பிய பின்

உணவு: முதலில் கஞ்சி, இட்லி, இடியாப்பம் போன்ற மென்மையான உணவைச் சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். பிறகு வழக்கமான உணவுக்குத் திரும்பலாம். முட்டை, மீன், கத்திரிக்காய் சாப்பிட்டால் காயம் சீழ் பிடிக்கும் என்று நினைத்து நீண்ட நாள் பத்தியம் இருக்க வேண்டாம். காயம் ஆற உடலுக்குப் புரதம் தேவை. முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் ஆகியவை நல்லவை. விரால் மீன் சாறு குடிக்கும் பழக்கம் இருந்தால் குடிக்கலாம். ஆனால் அது மட்டுமே உணவாகிவிடக்கூடாது. மலச்சிக்கலைத் தவிர்க்கப் பழமும் காய்கறியும் தண்ணீரும் உதவும். இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ தண்ணீர் அளவு வரையறுக்கப்பட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

காயம்: காயத்தை உலர்ந்த நிலையில் வைத்திருங்கள். மஞ்சள், எண்ணெய், திருநீறு எதையும் காயத்தின்மீது பூச வேண்டாம். தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் குளிக்கலாம். காயம் ஆறும்வரை நீச்சல் குளத்தில் இறங்க வேண்டாம்.

வேலைகள்: வீட்டுக்குள் நடப்பதையும் படிப்படியாகப் புளோக்குக்குக் கீழே நடப்பதையும் முதல் வாரத்திலேயே தொடங்கலாம். 5 கிலோ அரிசிப் பை, சந்தையில் வாங்கிய கனமான பைகள், பேரக்குழந்தை போன்ற பாரங்களைத் தூக்க வேண்டாம். நுண்துளை முறைக்குப் பின் சுமார் 2 முதல் 4 வாரமும், திறந்த முறைக்குப் பின் சுமார் 4 முதல் 6 வாரமும் காத்திருங்கள்.

கோயில் வழிபாடு: நின்றோ உட்கார்ந்தோ வணங்கலாம். தரையில் விழுந்து வணங்குவது, அங்கப்பிரதட்சணம், பால்குடம், காவடி ஆகியவற்றுக்கு முன் மருத்துவரின் அனுமதி பெறுங்கள். நேர்த்திக்கடனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.

உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய அறிகுறிகள்

• 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
• காயம் சிவந்து, வீங்கி, சீழ் வடிதல்
• குறையாமல் கூடும் வயிற்றுவலி, வயிறு உப்பல்
• தொடர் வாந்தி, மலமோ வாயுவோ வெளியேறாமை
• நீடிக்கும் வயிற்றுப்போக்கு
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
• மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி (உடனே 995 அழைக்கவும்)
• புதிதாக ஏற்படும் குழப்பம் அல்லது அதிகத் தூக்கம்

மூத்தோருக்குக் காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கலாம். சாப்பிடாமல், பேசாமல் சோர்ந்து கிடந்தால் அதையும் ஓர் அறிகுறியாகவே குடும்பத்தார் எடுத்துக்கொள்ள வேண்டும்.

செலவு பற்றி

மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் மெடிசேவ் சேமிப்பும் அறுவை சிகிச்சைச் செலவுக்கு உதவுகின்றன. மெடிசேவிலிருந்து எடுக்கும் தொகைக்கு வரம்பு உண்டு. உங்கள் கணக்கில் போதிய தொகை இல்லாவிட்டால் பிள்ளைகளின் மெடிசேவையும் பயன்படுத்தலாம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் வார்டு வகுப்பைப் பொறுத்து அரசாங்க மானியம் மாறும். கட்டணம் செலுத்த இயலாத நிலை இருந்தால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசுங்கள். பணக் கவலையால் அவசர சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நினைவில் கொள்ளுங்கள்

• நுண்துளை முறையில் வலியும் காயத் தொற்றும் குறைவு; விரைவில் நடமாடலாம். பொருந்தக்கூடிய மூத்தோருக்கு அது நல்ல தெரிவு.
• திறந்த முறை நெடுங்காலமாக நிரூபிக்கப்பட்ட, பாதுகாப்பான முறை. சில நிலைகளில் அதுவே சிறந்தது.
• நடுவில் முறையை மாற்றுவது பாதுகாப்புக்காக எடுக்கப்படும் முடிவு.
• விடாத வயிற்றுவலியுடன் வீட்டில் காத்திருக்க வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ, அவ்வளவு அதிகத் தெரிவுகள் உங்களுக்கு இருக்கும்.

மேலும் விவரங்களுக்கு உங்கள் குடும்ப மருத்துவரையோ அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தையோ அணுகுங்கள். இக்கையேட்டை வீட்டில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைத்திருங்கள்.